ஒதுக்குக்குள் கோயில் கட்டலாம்

கண்டாவளைப் பக்கம் ஓடுகிற அந்த ஆற்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், மருத மரமும் மணலுமாக என்ன அழகு என்று என்னிடம் சொல்வார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். அழகுதான், யார் இல்லை என்றது? அந்தக் கரையில் ஆறு வருடம் குடியிருந்தவள் நான். அந்த அழகைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லித்தான் எங்களை அங்கிருந்து எழுப்பினார்கள். எழுப்பியவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்பதை எழுதப் போகிறேன். பெயர் ஒன்றும் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் தங்களைத்தான் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் அடித்துக் கலைத்தபோது என் தகப்பன் எங்களை வன்னிக்குக் கூட்டி வந்தார். அப்போது நான் சின்னப் பிள்ளை. வந்த நாளில் இருந்து அடுத்தவன் காணியில்தான் சீவியம். கல்யாணம் கட்டியதும் அப்படியே. என் கணவர் ஒரு கமக்காரரின் வயலுக்குக் காவல் இருந்தார். காவல்காரனுக்கு வயல் ஓரத்தில் ஒரு கொட்டில் தருவார்கள். அந்தக் கமக்காரரின் மகன் கல்யாணம் முடித்து அதே இடத்தில் வீடு கட்ட வந்தபோது, "எங்கையும் ஒரு இடம் பாருங்கோவன்" என்று நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். நல்ல மாதிரியாகச் சொன்னாலும் வீதியில் நிற்கிறவன் வீதியில்தான் நிற்கிறான்.

வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு துண்டு பற்றையாகக் கிடந்தது. யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஈச்சம் பற்றையை வெட்டி வெளியாக்கினோம். மண் குழைத்துச் சுவர் வைத்து, இலுக்குப் புல்லால் கூரை வேய்ந்தோம். கத்தரியும் மிளகாயும் வெங்காயமும் நட்டோம். மாரியில் ஆறு பக்கத்திலேயே ஓடும். கோடையில் ஆறு வற்றினாலும் மணலை ஒரு முழம் தோண்டினால் தண்ணீர் ஊறும். தண்ணீருக்கு அருகில் ஒரு துண்டு நிலம் என்றால் என்னவென்று வன்னியில் கமம் செய்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சண்டையால் வன்னிக்குச் சாமான் வரத் தடை போட்டு, மற்றவர்கள் போத்தல் விளக்குக்கு மண்ணெண்ணெய் தேடி அலைந்த காலத்தில், நான் கத்தரிக்காய் கொடுத்து மண்ணெண்ணெய் வாங்கினேன். என் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்த வீட்டில்தான் நடை பழகினார்கள்.

விதானையார், அதாவது எங்கள் பகுதிக் கிராம சேவகர், ஒரு நாள் சைக்கிளில் வந்து மருத மரம் ஒன்றில் பலகை அறைந்தார். ஆற்று ஒதுக்கு, குடியிருத்தல், கட்டடம் அமைத்தல், மரம் வெட்டுதல் தடை என்று எழுதியிருந்தது.

"உது ஒதுக்கு, பிள்ளை. ஆத்து விளிம்பிலையிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருத்தரும் இருக்கேலாது. கரை உடைஞ்சுபோம். மரம் அழிஞ்சுபோம்" என்றார்.

"நாங்க மரம் ஒண்ணும் வெட்டலீங்களே ஐயா."

"வெட்டேல்லைத்தான். ஆனா இருக்கிறியள்தானே."

அவர் கெட்டவர் இல்லை. பெர்மிட் கேட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னதும் அவர்தான். அரசாங்கக் காணியைக் காணியில்லாதவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதற்குக் காணிக் கச்சேரி என்று ஒரு நாள் வைப்பார்கள். அன்றைக்குப் பெர்மிட் கிடைத்துவிட்டால் அந்தத் துண்டு உன்னுடையது. கல்வீடு கட்டலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். கிடைக்காவிட்டால் நீ அத்துமீறிக் குடியிருக்கிறவன், எந்த நேரமும் எழுப்பலாம். என் தகப்பன் ஒரு பெர்மிட்டைக் கண்ணால் காணாமல் செத்தார். எனக்கு அது வேண்டும் என்று வெறியே பிடித்திருந்தது. அதற்காக அரசாங்கக் கந்தோருக்கு நடந்தது முழுவதும் நான்தான். என் கணவர் அதிகாரிகளைக் கண்டால் தோளில் கிடக்கிற துவாயைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பார். தோட்டத்தில் பழகிய பழக்கம், வன்னிக்கு வந்து இத்தனை காலமாகியும் போகவில்லை.

அளக்க வந்தது மார்கழியில். ஆறு கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் என் கத்தரிப் பாத்திக்குள் நின்றது. காணி அலுவலர் நாடாவின் நுனியை, பாத்திக்குள் தண்ணீர் தொட்ட இடத்தில் பிடிக்கச் சொன்னார். அங்கிருந்து அளந்தால் எங்கள் வீடு முழுவதும் ஒதுக்குக்குள் வந்தது. அந்தக் கணக்கின்படி பின்னால் இருந்த கமக்காரரின் வயலில் பாதியும் வந்திருக்க வேண்டும். நாடா அந்தப் பக்கம் போகவில்லை.

"ஐயா, பங்குனியில வந்து அளந்து பாருங்க. ஆறு அந்தா, அந்த மரத்துக்கு அங்கிட்டுத்தான் ஓடும்" என்றேன்.

"பங்குனியிலை உது ஓடவே ஓடாது. பிறகு நான் எங்கையிருந்து அளக்கிறது, உன்ர குடத்திலையிருந்தோ?" என்றார் அலுவலர். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அதற்காக அவரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

முனியை வைக்கலாம் என்ற யோசனை அவருக்குத்தான் வந்தது.

"இந்தா புள்ள, லயத்த இடிச்சிட்டுப் பங்களா தோட்டம் போட வந்தானே தொர, அவன் என்னா செஞ்சான்? முனியக் கண்டுட்டுத் தொப்பியக் கழட்டிட்டு வந்த வழியே போயிட்டான்ல?"

"அது தொரை. இவுங்க தமிழ் ஆளுக."

"தமிழ் ஆளுகன்னா இன்னும் நல்லதுதானே? தொரயே பயந்தான்னா இவுங்க பயப்பட மாட்டாங்களா?"

எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. தோட்டத்தில் எங்களுக்கு என்று ஒன்றுமே இல்லை. குடியிருக்கிற லயம் கம்பனியுடையது, கத்தி கம்பனியுடையது, கொழுந்துக் கூடைகூட அப்படித்தான். சாமி மட்டும் எங்களுடையது. மலைக்கு ஒரு முனி, ஆலைக்கு ஒரு முனி என்று கல்லை நட்டு வைத்திருப்போம். துரை அதில் கை வைத்தால் ஒரு ஆள் வேலைக்கு இறங்காது என்று அவனுக்குத் தெரியும். அதனால் சாமி நிற்கிற இடத்தை விட்டுவிட்டுப் போவான். என் கணவர் அந்தக் கணக்கை அப்படியே வன்னிக்குக் கொண்டு வந்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

குளக்கட்டில் கிடந்த ஒரு கருங்கல்லைத் தூக்கி வந்து, வீட்டோடு ஒட்டி நின்ற பெரிய மருத மரத்தின் கீழ் நட்டார். மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றி, உழவு இயந்திரத்தின் பழைய தகட்டில் ஒரு சூலம் அடித்து வைத்தார். ஆடியில் ஒரு சேவல் அறுத்தோம்.

முதலில் பலித்தது. எழும்பச் சொல்லி எழுதிக் கொடுக்க வந்த அலுவலர் கல்லைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"உதென்ன?"

"முனிங்க. காவல் சாமி."

"துடியானதோ?"

"ரொம்பங்க" என்றார் என் கணவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அலுவலர் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். கொண்டு வந்த கடிதம் சட்டைப் பையோடு திரும்பிப் போனது. அவர் தலை மறையும் மட்டும் பொறுத்திருந்து நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் பயந்து போனார்கள்.

அந்தச் சிரிப்பு ஒரு வருடம் நின்றது. ஊருக்குள் ஒருவருடைய எருமை மாடு காணாமல் போனது. முனிக்கு நேர்ந்துவிட்டுப் போய்ப் பார்த்திருக்கிறார், மாடு காட்டோரம் மேய்ந்துகொண்டு நின்றதாம். அந்த மனிதர் வந்து பொங்கினார். பிறகு வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வரத் தொடங்கினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தார்கள், மகன் வீட்டை விட்டுப் போய்விட்டான் என்று வந்தார்கள். "உங்கட முனி நல்ல காவல்" என்று என் கணவரிடம் சொன்னார்கள். தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஊர்க்காரர்கள் தன்னிடம் ஒன்றைக் கேட்டு வருகிறார்கள் என்று அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். வருகிறவர்களுக்குத் திருநீறு கொடுப்பதும் அவர்தான்.

பிறகு மாஸ்டர் வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர். ஊரில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்பவர். என்னிடம் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போவார், ஆனால் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கமாட்டார். "இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்பார். ஒவ்வொரு முறையும் இப்போதுதான் குடித்திருப்பார்.

மாஸ்டர் கல்லைச் சுற்றி நடந்து பார்த்தார். "இது முனியில்லை. எங்கட அப்புவின்ர காலத்திலை இதிலை ஐயனார் இருந்தவர். வெள்ளத்திலை அள்ளுப்பட்டுப் போனவர். இப்ப திரும்பி வந்திருக்கிறார்."

"குளக்கட்டுல இருந்து நான்தாங்க தூக்கிட்டு வந்தேன், மாஸ்டர்" என்றார் என் கணவர்.

"தூக்க வைச்சது ஆர்?"

என் கணவருக்கு அது பெருமையாக இருந்தது. ஐயனாரே தன் முதுகில் ஏறி வந்திருக்கிறார் என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னார். விசரன்.

அதோடு கோயிலுக்கு என்று சபை அமைத்தார்கள். மரத்தின் கீழேதான் கூட்டம், எங்கள் வாசலில். நாங்கள் பாய் கொடுத்தோம், தண்ணீர் எடுத்து வைத்தோம். தலைவர் மாஸ்டர், மற்றவர்கள் எல்லாம் ஊர்ப் பெரியவர்கள், வயலுக்குச் சொந்தக்காரரான எங்கள் பழைய கமக்காரரும் அதில் ஒருவர். எங்களைச் சேர்க்கவில்லை. கேட்டேன். "நீங்கள் கோயிலோடையே இருக்கிற ஆக்கள். உங்களுக்கேன் சபை?" என்றார்கள். அது கேட்பதற்கு மரியாதை மாதிரியே இருந்தது.

சபை கோயில் கட்ட அனுமதி கேட்டு எழுதியது எனக்குக் கந்தோரில்தான் தெரிய வந்தது. எங்கள் வீட்டுக் காரியம் என்ன ஆனது என்று கேட்கப் போயிருந்தேன். காணி அலுவலர் மேசைக்கு எதிரே கதிரை இருந்தது. எனக்கு முன்னால் வந்தவருக்கு "இருங்கோ" என்றார். எனக்குச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

"உன்ர துண்டு இப்ப கோயில் காணிக்குள்ளை வருது" என்றார்.

"கோயில் காணியா? அது ஒதுக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஒதுக்குத்தான்."

"ஒதுக்குக்குள்ள கட்டடம் கட்டக் கூடாதுன்னு பலகை போட்டிருக்கே."

"குடியிருக்கத்தான் கூடாது. வணக்கத்தலத்துக்கு விசேட அனுமதி குடுக்கலாம். சட்டத்திலை இடமிருக்கு."

"அந்தச் சாமிய வச்சதே நாங்கதாங்க."

அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு, பாவம் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். "தெய்வத்தை ஆரும் வைக்கிறதோ, பிள்ளை? அது தானா வாறது."

கூப்பன் அரிசிக்குச் சங்கக்கடை வரிசையில் அந்த மனிதர் வந்து நின்றால், தெய்வம் தானாக வருகிறதா என்று கேட்க வேண்டும் என்று பல வருடம் நினைத்திருந்தேன். அவர் வரிசையில் நிற்கிற ஆள் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். சீமெந்துக்குத் தடை. செத்த வீட்டுக்குக் கல்லறை கட்டக்கூட ஒரு பை எடுக்க முடியாத காலம். கோயிலுக்குச் சிபாரிசுக் கடிதத்தில் வந்து இறங்கியது. மண்டபத்துக்கு இடம் போதாது என்று, பலகை அறைந்திருந்த மருதத்தையும் அதற்குப் பக்கத்து மரங்களையும் தறித்தார்கள். பலகையைக் கழற்றி அடுத்த மரத்தில் அறைந்தார்கள். மணல் ஆற்றிலிருந்து. கரையை வெட்டித்தான் உழவு இயந்திரம் இறங்கப் பாதை போட்டார்கள். நாங்கள் ஆறு வருடத்தில் உடைக்காத கரையை ஒரு மாதத்தில் உடைத்தார்கள். அந்த மணலைக் கூலிக்கு ஏற்றினது யார் என்று நினைக்கிறீர்கள்? என் கணவர். வேறு வேலை இல்லை.

"இனி இஞ்சை சேவல் வெட்டக்கூடாது" என்று மாஸ்டர் வந்து சொன்னார். சரி என்றோம். திருநீறு கொடுக்க ஐயர் ஒருவர் வந்தார். சரி என்றோம். சிற்பி செதுக்கின ஐயனாரை உள்ளே வைத்துவிட்டு எங்கள் கல்லை மதிலுக்கு வெளியே, ஆற்றுப் பக்கம் வைத்தார்கள். அடுத்த மாரியில் அது மணலுக்குள் போய்விட்டதாகக் கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை.

கடைசியில் வீதி. கோயில் என்றால் சாமி சுற்றி வர வீதி வேண்டும். வீதி எங்கள் குசினிக்குள்ளால், அடுப்புக்கு மேலால் போனது.

மாஸ்டர் நல்ல வார்த்தையில்தான் பேசினார். "உங்களுக்கு வேறை காணி எடுத்துத் தாறம். பெர்மிட்டோடை. நான் கந்தோரிலை கதைச்சிட்டன்."

"எங்கங்க?" என்றார் என் கணவர்.

"மேட்டுப் பக்கம். கிரவல் தறை. நல்ல காத்தோட்டம்."

"தண்ணி?" என்று நான் கேட்டேன்.

"கிணறு வெட்டினால் வருந்தானே."

நான் ஏசினேன். உங்கள் மகனுக்கு அந்தக் கிரவல் கல்லுத் தரையில் கட்டிக் கொடுங்கள் என்றேன். மாஸ்டர் என்னோடு பேசவில்லை. என் கணவரைப் பார்த்து, "உவாவுக்குச் சொல்லி விளங்கப்படுத்து" என்றார். என் கணவர் துவாயைக் கையில் எடுத்தார். அதைக் கண்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, வீடு போய்விட்டது என்று.

காணிக் கச்சேரியில் பெர்மிட் கொடுத்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள், சனம் கை தட்டியது. என் தகப்பன் காணாத கடதாசி என் கைக்கு வந்தது. ஒரு வருடத்துக்குள் வீடு கட்டிப் பயிர் செய்ய வேண்டும் என்று அதில் நிபந்தனை. பயிர் செய்யவாம். அந்தத் தறையில் எருக்கலைகூடக் குனிந்துதான் நிற்கும்.

கும்பாபிசேகத்துக்குப் பெரிய ஆட்கள் வருகிறார்கள், அதற்கு முன்னர் இடத்தை வெளியாக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். எங்கள் கையாலேயே கூரையைப் பிரித்தோம். கூரையைத் தாங்கிய பாலை மரக் கப்புகளைக் கிளப்பினோம். சுவரை மட்டும் விட்டுவிட்டோம், அதை அவர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் கட்டி இழுத்து விழுத்தினார்கள். எங்களை ஏற்ற சபை உழவு இயந்திரம் அனுப்பியது. அன்றைக்குக் கோயிலில் ஏதோ பூசை. "பொங்கல் சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று ஒருவர் வாழையிலையோடு வந்தார். நான் தொடவில்லை, பிள்ளைகளையும் தொட விடவில்லை. என் கணவர் பெட்டியில் ஏறி உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டார்.

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"சோறு என்னா புள்ள செஞ்சுச்சு?" என்றார்.

மேட்டில் கிணறு வெட்டினோம். ஆள் உயரத்துக்குப் போவதற்கு முன்னமே கல் வந்தது. வேறு இடத்தில் வெட்டினோம், அங்கேயும் கல். மூத்தவளும் நானும் சைக்கிளில் கொள்கலனைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கே வருவோம். கோயில் மதில் தண்ணீர் வரைக்கும் இறங்கியிருந்தது. சுற்றிக்கொண்டு வயல் வரம்பால் வர வேண்டும். கமக்காரர் அதற்கும் முகத்தைச் சுளிப்பார். மிளகாய்க் கன்றுகள் எல்லாம் கருகின. காணி அலுவலரிடம் போய்ச் சொன்னேன். "பெர்மிட் கேட்டு அலைஞ்சனீ. கிடைச்சிட்டுது. இன்னும் என்ன?" என்றார்.

அடுத்த வருடம் சண்டை கிளிநொச்சிக்கு வந்தது. ஊர் முழுக்க எழும்பியது. இரண்டு பிள்ளைகளோடும் ஒரு சைக்கிளோடும் விசுவமடுப் பக்கம் போய், ஒரு சிற்றாற்றின் கரையில் மரத்துக்குக் கீழே தறப்பாளால் கூடாரம் கட்டினோம். தண்ணீர் ஓரமாகத்தான் கட்டினேன். இந்தத் தடவை மேட்டுக்குப் போக நான் தயாராக இல்லை. அப்போது யாரும் நாடா கொண்டு வரவில்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மாஸ்டர் குடும்பம் வந்து சேர்ந்தது. உழவு இயந்திரத்தில் அலுமாரி, கட்டில், நெல் மூட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் தறப்பாளுக்கும் தண்ணீருக்கும் இடையில் இருந்த வெளியில் இறக்கினார்கள். தடிகளை வெட்டி, ஆற்று விளிம்பிலேயே கப்பு நட்டார்கள்.

நான் போய் நின்றேன். "மாஸ்டர், இது ஒதுக்குங்க" என்றேன்.

அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. களைத்துப் போயிருந்தார், முகத்தில் தாடி. "இந்த நேரத்திலை என்ன பிள்ளை ஒதுக்கு?" என்றார். சொல்லிவிட்டு, கப்பை ஆட்டிப் பார்த்து மண்ணை மிதித்து இறுக்கினார்.

நான் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தேன் என்று எழுதினால் நல்ல பெண் என்பீர்கள். நான் பேசினேன். தோட்டத்துக் குழாயடியில் கேட்ட வார்த்தைகள் அத்தனையும் பேசினேன். மாஸ்டரின் மனைவி தன் பேத்தியின் காதைப் பொத்தினார். சுற்றி நின்ற சனம் என்னைத்தான் பிழை சொன்னது. மரியாதையான மனுசன், நாடு கிடக்கிற கிடையில் இந்தத் தோட்டக்காட்டுப் பெண்ணின் வாயைப் பார் என்றார்கள். அன்றைக்கு மாஸ்டரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கணவர் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலையில் தறப்பாளைக் கழற்றினோம். மேலே, றோட்டுக் கரையில் கட்டினோம். இளையவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு இறங்கினாள். மாஸ்டரின் கொட்டில் முழு வழியையும் அடைத்துக்கொண்டு நின்றது. அதைச் சுற்றித்தான் அவள் போனாள்.